சகலைக்கு வைத்த முத்திரை

குடிநீர் வாரியத்தில் மீட்டர் சோதனைக் கூடம் என்று ஒன்று உண்டு. மாடிப்படிக்கு அடியில், வெளிச்சம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற ஓர் அறை. அங்கே இரும்பு மேசையில் மீட்டர்களை வரிசையாக மாட்டி, தண்ணீரை ஓடவிட்டு, முள் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். சுற்றினால் ஒரு மெல்லிய கம்பியைக் கோத்து, நுனியில் ஈயக் குண்டு ஒன்றை மாட்டி, குறடால் ஓர் அழுத்து. முத்திரை விழுந்துவிடும். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு அந்த மீட்டரை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. அது நின்றுபோனாலும் சரி, தலைகீழாகச் சுற்றினாலும் சரி, முத்திரை இருக்கிற வரைக்கும் அது சரியான மீட்டர்தான். வாரியத்தின் சட்டம் அப்படி.

அந்தக் குறடு எவர் கையில் இருந்ததோ அவரை எல்லோரும் மீட்டர்காரர் என்றே கூப்பிட்டார்கள். நல்ல மனுஷர். கை சுத்தம், வாய் சுத்தம். வயிறு மட்டும் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். காரணம், சகலை.

சகலை, அவர் மனைவியின் தங்கையைக் கட்டியவன். அதே வாரியத்தில் மேற்பார்வையாளன். இவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, இவருக்கு முன்னால் மேலே போனவன். இவர் மாடிப்படிக்கு அடியில் ஈயத்தோடு மல்லுக்கட்ட, அவன் ஜீப்பில் ஊர் ஊராகக் கேம்ப் போவான். தலைமுடி ஒன்றுகூடக் கொட்டவில்லை; அதை அடிக்கடி கோதிக்கொள்வது வேறு. மாமியார் வீட்டுக்குப் போனால், "சின்ன மாப்பிள்ளைக்குப் பசி தாங்காது" என்று முதல் கரண்டி அவன் தட்டில்தான் விழும். பெரிய மாப்பிள்ளைக்கு மட்டும் வயிறு இருக்கிற இடத்தில் என்ன மீட்டர் பெட்டியா இருந்தது?

ஒருநாள் சாயங்காலம், யாரோ ஓய்வுபெற்ற விருந்து முடிந்து, இருவரும் வாரியத்தின் மொட்டைமாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். சகலை குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். போன வாரக் கேம்ப்ல, லாட்ஜ்ல ஒருத்திகூட இருந்தேன். பேருகூட கேட்டுக்கல."

"அடப்பாவி. உறையாவது போட்டியா?"

"அந்த நேரத்துல அதெல்லாம் யார் யோசிக்கிறா? நீங்க ஒண்ணு."

மச்சினிச்சியின் முகத்தை நினைத்து மீட்டர்காரருக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிஷம், வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், பொறாமையும் வந்தது. ஒருத்தன் தப்புப் பண்ணுவதற்குக்கூட வாரியம் ஜீப்பும் படிக்காசும் கொடுத்து அனுப்புகிறதே என்று ஆற்றாமையாக இருந்தது.

அடுத்த வாரமே தலைமைப் பொறியாளர் எல்லோரையும் கூட்டினார். அவர் பேச ஆரம்பித்தால் மேசை மேல் இருக்கிற தண்ணீர்கூட ஆவியாகிவிடும் என்பார்கள்.

"நம்ம வாரியத்துல தண்ணிய சோதிச்சாச்சு. குழாய சோதிச்சாச்சு. மீட்டர சோதிச்சு முத்திரை வெச்சாச்சு. சோதிக்காம திரியிறது ஆளுங்க மட்டும்தான். எச்.ஐ.வி. இல்லாத முதல் வாரியம்னு நாம பேர் எடுக்கப்போறோம். எல்லாரும் ரத்தம் குடுங்க. தேறினவங்களுக்கு வாரிய முத்திரை வெப்போம். அஞ்சு வருஷத்துக்கு அவங்களுக்குக் கவலையே கிடையாது."

ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த பெண்மணி எழுந்து, யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, முடிவு அவரவருக்கு மட்டும் ரகசியமாகத் தெரிய வேண்டியது என்றார்.

"ரகசியம்தாம்மா. அதுக்குத்தான் தேறாதவங்க பேர நாங்க சொல்லவே மாட்டோம். தேறினவங்களுக்கு மட்டும் எல்லார் முன்னாடியும் முத்திரை வெப்போம். மத்தவங்களோட ரகசியம் பத்திரமா இருக்கும்."

தட்டச்சுக்காரி ஒருத்தி, "சார் எப்ப ரத்தம் குடுக்குறீங்க?" என்று அப்பாவியாகக் கேட்டுவிட்டாள்.

"என்னை இந்த நாற்காலில உக்கார வெக்கறதுக்கு முன்னாடி நாலு பெரிய அதிகாரிங்க சோதிச்சுப் பார்த்துட்டாங்க. அதுக்கு மேல ஒரு சோதனை எனக்கு எதுக்கு?"

கைதட்டினார்கள். எல்லோரும் ரத்தம் கொடுத்தார்கள். மீட்டர்காரரை மட்டும் அந்தப் பெண்மணி தனியே கூப்பிட்டு, "பயப்படாதீங்க, இது முடிவு இல்ல. முதல் டெஸ்ட்ல லேசா ஒரு கோடு காட்டுது. ஆஸ்பத்திரிக்கு வாங்க, வேற டெஸ்ட் பண்ணிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். மீட்டர்காரரோ மனைவியைத் தவிர எவளையும் ஏறெடுத்துப் பார்க்காத மனுஷர். லாட்ஜுக்குப் போனவன் ஒருத்தன், கோடு இன்னொருத்தனுக்கா?

மறுநாள் முத்திரை விழா. தேறியவர்களின் அடையாள அட்டை ஓட்டையில் கம்பியைக் கோத்து ஈயக் குண்டை அழுத்த வேண்டும். வாரியத்தில் குறடு பிடிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவரோ தேறவில்லை. அதிகாரிகள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

"ரெண்டு கைக்கும் உறை மாட்டிக்குங்க. மூச்சை அடக்கிக்கிட்டு அழுத்துங்க. அழுத்தி முடிச்சதும் அந்தப் பக்கம் போய் மூச்சு விட்டுக்கலாம்" என்றார் நிர்வாக அதிகாரி.

முதல் ஆளாகச் சகலை வந்து நின்றான், தலையைக் கோதிக்கொண்டு. மீட்டர்காரர் மூச்சை அடக்கி அழுத்தினார். பூ மாதிரி பதிந்தது முத்திரை. சகலைக்குச் சாப்பாட்டு அறையில் ஜன்னலோர மேசை, மெத்தை வைத்த நாற்காலி. தேறியவர்கள் மட்டும் உட்கார வேண்டிய மேசையாம் அது. மீட்டர்காரர் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மென்றதை விழுங்க முடியாமல் அந்த மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாருடைய பேரையும் வாரியம் சொல்லவில்லை. ஆனால் தலைமைப் பொறியாளரை விட்டால் முத்திரை இல்லாத அட்டை இவருடையது ஒன்றுதான் என்பதால் கடைநிலை ஊழியர் முதல் தண்ணீர் லாரிக்காரர் வரை எல்லோருக்கும் ரகசியம் தெரிந்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவர் டம்ளரில் சிவப்பு நூல் கட்டினார்கள். ஒரு வாரம் கழித்து யாரோ ஒரு அறிவாளி, "இவர் கை பட்ட மீட்டர் எல்லாம் வீட்டு வீட்டுக்குப் போயிருக்கே சார், அதுல ஓடுற தண்ணியத்தானே ஜனங்க குடிக்குது" என்று கொளுத்திப் போட்டார். உடனே ஒரு குழு அமைத்தார்கள். எச்.ஐ.வி. ஈயத்தின் வழியாகப் போகுமா, செம்பின் வழியாகப் போகுமா என்று குழு விவாதித்தது. ரத்தத்திலும், உறையில்லாத உறவிலும், ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போடுவதிலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிற ஒன்று, மீட்டர் வழியாகப் போவதற்கு அதற்கு என்ன அவசரம் என்று கேட்க அந்தக் குழுவில் ஆளில்லை. கடைசியில், கூடத்தில் இருந்த மீட்டர்களை எல்லாம் அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் சக்கரங்கள் உருகி ஒட்டிக்கொண்டன. ஒரு மீட்டரும் ஓடவில்லை. ஆனால் முத்திரை உடையவில்லை என்பதால் எல்லாம் சரியான மீட்டர்கள் என்று வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் மீட்டர்காரர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே இல்லை. பயம். போனால் உண்மை தெரிந்துவிடுமே. மூன்று மாதம் தள்ளிப்போட்டு, மனைவி கையைப் பிடித்து இழுத்துப் போன பிறகுதான் போனார். வேறு வேறு டெஸ்டுகள் எடுத்தார்கள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த ஆலோசகர் அம்மா உட்காரச் சொன்னார்.

"உங்களுக்கு எச்.ஐ.வி. இல்லங்க."

"அப்ப அந்தக் கோடு?"

"முதல் டெஸ்ட் எதையும் விட்டுடக் கூடாதுன்னு சந்தேகம் உள்ளதையெல்லாம் பிடிச்சு வெக்கும். சிலநேரம் இல்லாததையும் பிடிக்கும். அதனாலதான் ஒண்ண மட்டும் வெச்சு நாங்க முடிவு சொல்றதில்ல. மறுபடி பார்த்ததுல சுத்தமா இல்ல."

மீட்டர்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அப்ப எனக்கும் முத்திரை குடுப்பாங்களா? அஞ்சு வருஷத்துக்கு?"

ஆலோசகர் அம்மாவுக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயா, கிருமி உள்ள போன உடனே டெஸ்ட்ல தெரியாது. உடம்பு அதை எதிர்க்க ஒண்ணை உண்டாக்கும், அதைத்தான் இந்த டெஸ்ட் தேடுது. அதுக்குச் சில வாரம் ஆகும். மூணு மாசம் கழிச்சுப் பார்த்தாத்தான் உறுதி. அதுக்கப்புறமும் நாளைக்கு ஒருத்தர் எங்க போவாரு, என்ன செய்வாருன்னு நாங்க எப்படி முத்திரை குத்த முடியும்?"

"இப்ப ஒருத்தன் லாட்ஜ்ல தப்புப் பண்ணிட்டு, ரெண்டே வாரத்துல ரத்தம் குடுத்துத் தேறிட்டான்னு வெச்சுக்குங்க."

"அந்தத் தேர்ச்சிய நம்பவே கூடாது. மூணு நாளைக்குள்ள இங்க வந்திருந்தா தொத்தாம தடுக்கிற மாத்திரையே குடுத்திருப்போம். இப்ப மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும். அதுவரைக்கும் மனைவிகூட உறை இல்லாம இருக்கக் கூடாது."

மீட்டர்காரர் வெளியே வந்தபோது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தனக்கு இல்லை என்பதற்காக மட்டுமா? சகலையின் முத்திரை வெற்று ஈயம். அந்த மெத்தை, அந்த ஜன்னலோரம், எல்லாம் பொய். வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தார். மனைவி ஒருமாதிரி பார்த்தாள்.

வீட்டில் மச்சினிச்சி காத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கணவருக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. அப்புறம் முகமெல்லாம் வெட்கமாகச் சொன்னாள்.

"மாமா, நாங்க குழந்தை பெத்துக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். டாக்டரம்மா ரெண்டு பேரையும் ரத்த டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. இவர்தான், 'எனக்கு முத்திரையே இருக்கு, நமக்கெதுக்கு டெஸ்ட்'னு சொல்லிட்டார்."

மீட்டர்காரரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சகலையின் முத்திரை பொய்யென்றால், அந்தப் பொய்யோடு தினமும் படுத்து எழுகிறவள் இவள்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் தெரிந்தும் தெரியாதவர் போல இருந்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

மறுநாளே சகலையைப் பிடித்தார். எல்லாவற்றையும் விளக்கினார். சகலை பொறுமையாகக் கேட்டுவிட்டு அட்டையில் தொங்கிய ஈயத்தை ஆட்டிக் காட்டினான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க தேறல, நான் தேறிட்டேன். உங்க வயித்தெரிச்சல் எனக்குத் தெரியாதா?"

நிர்வாக அதிகாரியிடம் போய், யார் பேரையும் சொல்லாமல், முத்திரை வைத்தவர்களை மூணு மாசம் கழித்துத் திரும்பச் சோதிக்கலாமே என்று கேட்டுப் பார்த்தார்.

"முத்திரை வெச்ச பொருளைத் திரும்பச் சோதிச்சா, முதல்ல சோதிச்சது தப்புன்னு ஆயிடும். அப்படி ஆனா வாரியம் தப்புன்னு ஆயிடும். வாரியம் தப்புன்னா நான் இந்த நாற்காலில உக்காந்திருக்கறதே தப்பு. இதெல்லாம் உங்களுக்குத் தேவையா?"

மனைவியிடம் சொன்னார். லாட்ஜ் கதையைக் கேட்டு அவள் ஒரு நிமிஷம் ஆடிப்போனாள். அப்புறம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவர் ஸ்கூட்டர் வாங்கினப்ப திருட்டு வண்டின்னீங்க. மேல போனப்ப காசு குடுத்து வாங்கின பதவின்னீங்க. இப்ப இது. என் தங்கச்சி வாழ்க்கைல மண்ணள்ளிப் போடாதீங்க."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. ஸ்கூட்டரைத் திருட்டு வண்டி என்று சொன்னது இவர்தான். புலி வருது, புலி வருது என்று கத்திக்கொண்டே இருந்தவன் வாயில் நிஜப் புலி வந்து மாட்டிக்கொண்டது. பொறாமைக்காரன் சொல்கிற உண்மையை எவன் வாங்குவான்?

இரண்டு நாள் யோசித்தார். அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தார். உண்மையை மாற்ற முடியாது. சொல்கிற தோரணையை மாற்றலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, மீட்டர்காரர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"அத்தை, வாரியத்துல பண்ணினது சும்மா கண்துடைப்பு. பெரிய ஆஸ்பத்திரில என்னைத் தனியா உக்கார வெச்சு, ஒண்ணுக்கு ரெண்டா வேற வேற டெஸ்ட் எடுத்தாங்க. ஒரே ஒரு தடவை, அதுவும் அவசரத்துல பார்த்ததெல்லாம் கணக்குலயே இல்லையாம். மூணு மாசம் கழிச்சும் பார்த்துத் தேறினாத்தான் தேறினதாம். வாரியத்துல அப்படித் தேறின ஒரே ஆள் நான்தான்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. மாமியார் கரண்டியோடு நின்றார். சின்ன மாப்பிள்ளையின் தட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கரண்டி பாதி வழியில் திரும்பிப் பெரிய மாப்பிள்ளையின் தட்டில் இறங்கியது. "நல்லா சாப்பிடுங்க மாப்பிள்ளை, எவ்வளவு ரத்தம் எடுத்தாங்களோ" என்றார்.

சகலையின் காதிலிருந்து புகை வராத குறை. தலையைக் கோதக்கூட மறந்துபோனான்.

"நான் மட்டும் போக மாட்டேனா? நாங்க ரெண்டு பேருமே போவோம். தம்பதியாப் போறவங்கள ஆஸ்பத்திரில இன்னும் மரியாதையா நடத்துவாங்க. என்ன சொல்ற?" என்று மனைவியைப் பார்த்தான்.

மீட்டர்காரர் முகத்தைச் சுளித்து, "உனக்கெதுக்குத் தம்பி, உனக்குத்தான் முத்திரை இருக்கே" என்று எரிகிற தீயில் கடைசி நெய்யையும் ஊற்றினார். புதன்கிழமை இருவரும் போனார்கள்.

சகலைக்கு இருந்தது. எல்லா டெஸ்டிலும் இருந்தது. மச்சினிச்சிக்கு இல்லை, ஆனால் அவளும் மூணு மாசம் கழித்து இன்னொரு தடவை வர வேண்டும் என்றார் ஆலோசகர் அம்மா. தினமும் மாத்திரை, ஒருநாள்கூட விடக் கூடாது. ஒழுங்காகச் சாப்பிட்டால் டெஸ்டில் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்துவிடும், குறைந்து அப்படியே நின்றுவிட்டால் உறவு வழியாக அவளுக்குப் போகாது, குழந்தைகூடப் பெற்றுக்கொள்ளலாம், அதுவரைக்கும் உறை என்று அவர் விளக்கினார். லாட்ஜ் கதையைச் சகலையே அவளிடம் சொன்னான். அவள் நேராக அக்கா வீட்டுக்கு வந்து, உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மீட்டர்காரரின் மனைவி அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தான் சொன்னது சரி என்று நிரூபித்துவிட்டோமே என்ற சந்தோஷம் அவருக்கு வரவே இல்லை.

சகலை மறுவாரம் தலைமைப் பொறியாளரிடம் போய் அட்டையை நீட்டினான்.

"சார், இந்த முத்திரைய எடுத்துடுங்க. எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

"காரணம் சொல்ல முடியாது சார்."

"முத்திரை வெச்ச மீட்டர் தானா எழுந்து வந்து முத்திரைய எடுன்னு சொல்லுமா? அஞ்சு வருஷம் நீங்க சுத்தமானவர். விருப்பம் இல்லாட்டியும் சுத்தமானவர்தான். முத்திரைய உடைக்கிறது குற்றம், தெரியும்ல?"

சகலை மாடிப்படிக்கு அடியில் இருந்த அறைக்கு வந்தான். மாத்திரை ஆரம்பித்த புதுசு, முகம் வாடிக் கிடந்தது.

"அண்ணே, ஜன்னலோரத்துல உக்கார முடியல. இதைப் பார்த்து எல்லாரும் என்னைக் கும்பிடுறாங்க. செத்துடலாம் போல இருக்கு."

"செத்துப்போற வியாதியாடா இது? மாத்திரைய மட்டும் விடாத" என்று சொல்லிவிட்டு மீட்டர்காரர் குறடை எடுத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முத்திரை வைத்திருக்கிறாரே தவிர, ஒன்றைக்கூட அறுத்ததில்லை. கம்பியை வெட்டினார். ஈயக் குண்டு மேசைக்கடியில் எங்கேயோ உருண்டு போனது.

விசாரணை வைத்தார்கள். நிர்வாக அதிகாரி நேராகக் கேட்டார்: "எதுக்கு வெட்டினீங்க?"

உண்மையைச் சொன்னால் சகலையின் டம்ளரில் நாளைக்கே சிவப்பு நூல் ஏறும். இவர் டம்ளரில் கட்டியதே இன்னும் அவிழ்க்கப்படவில்லை. ஒரு தடவை சந்தேகத்துக்கு உள்ளான மீட்டருக்கு முத்திரை கிடையாது என்பது விதி.

"அவனுக்கு முத்திரை இருந்தது, எனக்கு இல்ல சார். பார்த்துப் பொறுக்க முடியல."

அறையில் இருந்த எல்லோரும் உடனே நம்பிவிட்டார்கள். ஒரு சாட்சிகூடத் தேவைப்படவில்லை. 'பொறாமையின் காரணமாக வாரிய முத்திரையைச் சேதப்படுத்தியமை' என்று ஆணை போட்டு, ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். தலைமைப் பொறியாளர், மனிதனுக்குப் பொறாமை கூடாது என்று நீண்ட நேரம் அறிவுரை சொன்னார். மீட்டர்காரர் சரிங்க சார், சரிங்க சார் என்று கேட்டுக்கொண்டார்.

மச்சினிச்சி ஒரு மாதம் அக்கா வீட்டிலேயே இருந்தாள். அப்புறம் போனாள். மன்னித்துவிட்டாளா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ராத்திரி சகலை மாத்திரையை விழுங்குகிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள் என்று மட்டும் தெரிந்தது.

மூணு மாசம் கழித்து அவள் டெஸ்டுக்குப் போனபோது, துணைக்கு மீட்டர்காரரையும் வரச் சொன்னாள். மாத்திரை வாங்கும் வரிசையில் சகலை நின்றிருந்தான். மீட்டர்காரர் ஆஸ்பத்திரி நடையில் மரப்பெஞ்சில் உட்கார்ந்து, கைவிரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் அம்மாவின் அறைக் கதவு திறந்தது.

அவள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இல்லையாம் மாமா. இப்ப உறுதியாம்."

அவர் விரல்களை நெட்டி முறிப்பதை நிறுத்தினார்.

"இவர் சொல்றார், அன்னைக்கு அம்மா வீட்டுல நீங்க அக்கறையா எடுத்துச் சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டாராம். உங்க மேல இருந்த பொறாமைலதான் வந்தாராம். நீங்களும் இவர் மேல பொறாமைலதான் அதெல்லாம் பேசினீங்களா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர்.

"பாதி அதுவும்தாம்மா."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க பொறாமை நல்லா இருக்கட்டும் மாமா."